ஸ்போர் சென்சார் சொதப்பினால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

"பாலிமர் செத்துப்போச்சு அக்கா, புதுசா ஒரு பேட்ச் போடட்டுமா?" பெங்களூருக்கு ஆராய்ச்சி செய்ய வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. பெரும்பாலும் நான் சொல்வது, இப்போதைக்குப் போடாதே. பாக்டீரியா ஸ்போர்களை, அதாவது கெட்ட காலத்தைத் தாண்ட பாக்டீரியா எடுக்கும் உறங்குநிலை வடிவத்தை, கண்டுபிடிக்கும் அச்சுப் பாலிமர் நானோ சென்சார் தப்பான எண்ணைக் காட்டினால் உடனே பாலிமர்மேல் சந்தேகம் வருவது இயல்புதான். நாள்கணக்கில் உட்கார்ந்து செய்தது அதைத்தானே. ஆனால் கோளாறு தண்ணீரிலோ, கண்ணாடிச் சாமானிலோ, ஸ்போரை உடைத்துத் திறக்கும் படியிலோ இருப்பதுதான் அதிகம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே நான் பேசும் சென்சார் ஸ்போரைப் பார்ப்பதில்லை. ஸ்போரின் உள்கருவில் கால்சியத்தோடு சேர்ந்து கிடக்கும் டிபிகோலினிக் அமிலத்தைப் பார்க்கிறது. அதை டிபிஏ என்றே அழைப்போம். ஸ்போரின் உலர் எடையில் 5 முதல் 15 சதவீதம் வரை இதுதான். டிபிஏ-வையே அச்சாக, அதாவது டெம்ப்ளேட்டாக, வைத்துப் பாலிமரை வளர்த்து, பிறகு அதைக் கழுவி எடுப்பதால் பாலிமர் நானோ துகளில் டிபிஏ-வின் வடிவத்துக்குப் பொருந்தும் குழிகள் இருக்கும். இப்படி அச்சு விழுந்த துகள்தான் எம்ஐபி. குழிக்குள் டெர்பியம் என்ற உலோகத்தின் அயனி பிடித்துவைக்கப்பட்டிருக்கும். டிபிஏ வந்து டெர்பியத்தைப் பிடித்தால், அது புற ஊதா ஒளியை வாங்கி டெர்பியத்துக்குக் கடத்தும். டெர்பியம் 545 நானோமீட்டரில் பச்சையாக ஒளிரும். எலக்ட்ரோடு வைத்துச் செய்பவர்களுக்குக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

எந்த அறிகுறியைப் படிப்பதற்கு முன்பும் நான்கு சோதனைக் குழாய் வையுங்கள். முதலாவதில் பாலிமரே வேண்டாம், வெறும் டெர்பியம் குளோரைடும் தெரிந்த அளவு டிபிஏ-வும். இரண்டாவதில் எம்ஐபி துகளும் அதே டிபிஏ-வும். மூன்றாவதில் டெம்ப்ளேட் இல்லாமல் செய்த என்ஐபி துகளும் அதே டிபிஏ-வும். நான்காவதில் எம்ஐபி மட்டும், டிபிஏ கிடையாது. முதல் குழாயே ஒளிரவில்லை என்றால் பாலிமரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடுகிறது.

சிக்னலே இல்லை, முதல் குழாயிலும் இல்லை

க்யூவெட்டை, அதாவது கரைசலை ஊற்றி ஒளியை அளக்கும் சின்னக் குப்பியை, பாருங்கள். டிபிஏ-வைத் தூண்டுவது 270 முதல் 280 நானோமீட்டர் ஒளி. பாலிஸ்டைரீன் க்யூவெட்டும் சாதாரணக் கண்ணாடியும் அந்த ஒளியை உள்ளேயே விடாது. குவார்ட்ஸ் வேண்டும். 96 குழித் தட்டில் அளக்கிறீர்கள் என்றால் அதுவும் புற ஊதா ஒளியை விடும் வகையாக இருக்க வேண்டும், அல்லது மேலிருந்து படிக்க வேண்டும்.

அடுத்தது பாஸ்பேட். டெர்பியத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. பாஸ்பேட் டெர்பியத்தைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். குழாயில் லேசான வெள்ளைக் கலங்கல் தெரியும், அளவு குறைவானால் அதுவும் தெரியாது. உயிரியல் லேபிலிருந்து வருபவர்கள் கை பழக்கத்தில் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் பஃபரை எடுத்துவிடுவார்கள். வேண்டாம். அசிட்டேட், மெஸ், ஹெப்பஸ், டிரிஸ் இவற்றில் ஒன்று போதும். சிட்ரேட்டும் இ.டி.டி.ஏ.-வும்கூட டெர்பியத்தைக் கவ்விக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

பஃபரை மாற்றியும் சரியாகவில்லையா? பாத்திரம் கழுவும் சோப்பைப் பாருங்கள். லேப் சோப்புகள் பலவற்றில் பாஸ்பேட் உண்டு. கழுவுகிறவர் குழாய்த் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டுக் கவிழ்த்துவைத்தால், கண்ணாடிச் சுவரில் இருக்கும் மிச்சமே நானோமோலார் அளவில் வேலை செய்பவரைக் கவிழ்க்கப் போதும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அல்லது நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, 18.2 மெகாஓம் தண்ணீரில் பல முறை அலசுங்கள். அல்லது புதிய பாலிப்ரோப்பிலீன் குழாய்க்கு மாறுங்கள். அது எளிது.

பெங்களூரில் தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரின் ஒரு பகுதிக்குக் காவிரி, இன்னொரு பகுதிக்குப் போர்வெல், பல வளாகங்களில் கோடையில் டேங்கர் கலந்து வரும். போர்வெல் நீர் கடினமானது, கால்சியம் நிறைய. உங்கள் லேபின் சுத்திகரிப்புக் கருவி காவிரித் தண்ணீருக்குத் தாங்கிய அளவு போர்வெல்லுக்குத் தாங்காமல், ரெசின் சீக்கிரம் தீர்ந்துபோகும். மார்ச், ஏப்ரலில் மட்டும் சிக்னல் இறங்குகிறது என்று யாராவது சொன்னால் கருவியின் மின்தடை எண்ணை முதலில் படிக்கச் சொல்வேன். பழைய உலோகக் குழாய்களிலிருந்து வரும் இரும்பு, செம்பு அயனிகளும் டிபிஏ-வை நன்றாகவே பிடிக்கும்.

பி.ஹெச் ஒரு வரியில்: 4-க்குக் கீழே போனால் டிபிஏ-வின் அமிலக் கைகள் புரோட்டானை விட மறுக்கும், 8-ஐத் தாண்டினால் டெர்பியம் ஹைட்ராக்சைடாகும். 5.5-க்கும் 7.5-க்கும் இடையில் இருங்கள்.

டிபிஏ இல்லாத குழாயிலும் 545-இல் அழகான சிகரம்

இதை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் இது ரொம்ப நாகரிகமாக ஏமாற்றும். 272 நானோமீட்டரில் தூண்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நானோ துகள் ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய 272, அலைநீளங்களைப் பிரிக்கும் மோனோகுரோமேட்டரின் கிரேட்டிங்கில் இரண்டாம் படியாக 544-இல் வந்து நிற்கும். டெர்பியத்தின் 545-க்கு அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடம்! துகள் அதிகமானால் சிதறலும் அதிகம், சிகரமும் உயரும். "செறிவு கூடக்கூடச் சிக்னல் கூடுகிறது" என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம், டிபிஏ ஒரு துளி இல்லாமல்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தூண்டும் அலைநீளத்தை 278-க்கு மாற்றுங்கள். போலிச் சிகரம் 556-க்கு நகரும். டெர்பியத்தின் சிகரம் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு சாட்சி, உண்மையான டெர்பியம் ஒருபோதும் தனியாக வராது. 490, 585, 620 பக்கத்திலும் சிறிய சிகரங்கள் கூடவே வர வேண்டும். 545 மட்டும் ஒற்றையாய் நின்றால் நம்பாதீர்கள்.

தீர்வு, வெளிவரும் ஒளிப் பாதையில் 400 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் ஒரு ஃபில்டர். கருவியில் நேரத் தாமத வசதி இருந்தால் இன்னும் நல்லது. சிதறலும் மற்ற ஒளிர்வும் நானோவிநாடிகளில் முடிந்துவிடும். டிபிஏ பிடித்த டெர்பியமோ மில்லிவிநாடி அளவுக்கு ஒளிரும். தூண்டலுக்குப் பின் 100 மைக்ரோவிநாடி பொறுத்து அளக்கத் தொடங்கினால் குப்பை எல்லாம் போய்விடும். எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகம் வாங்கி, புற ஊதா எல்.இ.டி.யும் போட்டோடையோடும் வைத்துக் கையடக்கக் கருவி செய்பவர்களுக்கும் இந்தத் தாமதம் ஒரு வரப்பிரசாதம். துடிப்பாக எரியவிட்டு அணைந்த பிறகு படித்தால் பாதி ஃபில்டர் செலவு மிச்சம். ஒரு விஷயம், 275 நானோமீட்டர் எல்.இ.டி. கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் கண்ணைக் கெடுக்கும். பெட்டிக்குள் மூடிவையுங்கள்.

எம்ஐபி-யும் என்ஐபி-யும் ஒரே மாதிரி காட்டுகின்றன

இப்போதுதான் பாலிமர்மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு. எம்ஐபி பிடிக்கும் அளவை என்ஐபி பிடிக்கும் அளவால் வகுத்தால் வருவது அச்சுக் காரணி. அது 1.2, 1.3 என்று நின்றால் அச்சு விழவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், ஆய்வுக் கட்டுரையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

எனக்குத் தெரிந்து இதற்கு முதல் காரணம், சமையல் குறிப்பை அப்படியே எடுத்துப் போடுவது. பாலிமரின் கட்டுமானத் துண்டான மோனோமருக்கு மெத்தாக்ரிலிக் அமிலம், குறுக்கே பிணைக்க எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட், வினையைத் தொடங்கிவைக்க ஏ.ஐ.பி.என்.; டெம்ப்ளேட், மோனோமர், குறுக்கிணைப்பான் மூன்றும் ஒன்றுக்கு நான்குக்கு இருபது என்ற விகிதம். இந்தக் குறிப்புக்குப் பெருமை சேர்த்தது கிளாஸ் மோஸ்பாக்கின் குழு 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட வேலை. தியோஃபிலினையும் டயஸிபாமையும் ஆன்டிபாடிபோலப் பிரித்துப் பிடிக்கும் பாலிமர்களைக் காட்டினார்கள். ஹைட்ரஜன் பிணைப்புகளை நம்பிய வேலை அது. கரிமக் கரைப்பானில் அந்தப் பிணைப்புகள் கெட்டியாக நிற்கும். டிபிஏ அப்படியல்ல. அது ஓர் அமிலம். அதனோடு இன்னோர் அமிலத்தை ஜோடி சேர்த்தால் பெரிய ஈர்ப்பு எங்கிருந்து வரும்? அதுவும் நாம் கடைசியில் அளக்கப்போவது தண்ணீரில். தண்ணீர் ஒவ்வொரு ஹைட்ரஜன் பிணைப்புக்கும் போட்டிக்கு வந்து நிற்கும்.

மெத்தாக்ரிலிக் அமிலத்துக்குப் பதில் காரத் தன்மையுள்ள மோனோமர் எடுத்தால் நிலைமை தேறும். 4-வினைல்பிரிடின் ஒரு தொடக்கம். அதைவிட நல்லது, உலோகத்தையே கொக்கியாக்குவது: டெர்பியத்தையோ யூரோப்பியத்தையோ பிடிக்கக்கூடிய வினைல் மோனோமரை எடுத்து, உலோகம், டிபிஏ இரண்டையும் முன்கூட்டியே சேர்த்து ஒரு கூட்டணி ஆக்கிவிட்டுப் பிறகு பாலிமராக்குவது. தண்ணீரில் உடையாத பிணைப்பு அது. ஒளிரும் இடமும் பிடிக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும்.

இரண்டாம் காரணம், டிபிஏ கரையவே இல்லை. அசிட்டோநைட்ரைலிலும் குளோரோஃபார்மிலும் அது மிக மோசமாகக் கரையும். மேலே தெளிவாகத் தெரியும், அடியில் பொடி கிடக்கும். டி.எம்.எஸ்.ஓ.-வில் கரைத்து, பாலிமராக்கும் முன் ஒரு முறை சென்ட்ரிஃபியூஜ் செய்து அடியைப் பாருங்கள். அடியில் பொடி இருந்தால் உங்கள் எம்ஐபி பாதி என்ஐபிதான்.

என்ஐபி-யோடு ஒப்பிடுவதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. டெம்ப்ளேட் இல்லாமல் வளரும் துகளின் அளவே வேறாகலாம். எம்ஐபி 80 நானோமீட்டர், என்ஐபி 300 என்று இருந்தால் மேற்பரப்பு வித்தியாசமே உங்களுக்கு "அச்சுக் காரணி"யைக் கொடுத்துவிடும். துகளின் அளவைக் காட்டும் டி.எல்.எஸ். (ஒளிச் சிதறல்) அளவீட்டைப் பார்க்காமல் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். கூடவே பிக்கோலினிக் அமிலம், நிக்கோட்டினிக் அமிலம், ஐசோஃப்தாலிக் அமிலம் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். டிபிஏ-வின் உறவினர்கள் அவை. அவற்றையும் சமமாகப் பிடித்தால் குழி டிபிஏ-வுக்கானது இல்லை.

பின்னணி ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போகிறது

நான்காவது குழாய், அதாவது டிபிஏ சேர்க்காத எம்ஐபி, நேற்றைவிட இன்று அதிகம் ஒளிர்கிறது. டெம்ப்ளேட் கசிகிறது. பாலிமருக்குள் ஆழத்தில் மாட்டிக்கொண்ட டிபிஏ மெதுவாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஒன்பது பங்கு மெத்தனாலுக்கு ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் என்ற வழக்கமான கலவையில் கழுவியிருப்பீர்கள். எத்தனை முறை கழுவினீர்கள் என்பது முக்கியமில்லை. கழுவிய நீரில் டிபிஏ நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. கழுவிய திரவத்தை ஒவ்வொரு முறையும் உலர்த்தி, பஃபரில் கரைத்து, டெர்பியம் சேர்த்துப் பாருங்கள். சிக்னல் வெறும் பஃபர் அளவுக்கு வரும்வரை கழுவல் முடியவில்லை.

முடிவில் அசிட்டிக் அமிலத்தை மெத்தனாலில் அலசி எடுக்காவிட்டால் பி.ஹெச் கீழே இழுக்கும். இ.டி.டி.ஏ. போட்டு உலோகத்தையும் சேர்த்து உருவினீர்கள் என்றால், அதன் மிச்சம் பின்னால் சேர்க்கும் டெர்பியத்தைச் சாப்பிடும்.

செர்கே பிலெட்ஸ்கியின் குழு வளர்த்தெடுத்த திடநிலை முறையில் இந்தத் தொல்லை குறைவு. டெம்ப்ளேட்டைக் கண்ணாடி மணிகளில் ஒட்டிவைத்து, அதைச் சுற்றி நானோ துகளை வளர்த்து, குளிர்ந்த நீரில் மட்டமான துகள்களைக் கழுவிவிட்டு, சூடாக்கி நன்றாகப் பிடித்தவற்றை மட்டும் எடுப்பார்கள். டெம்ப்ளேட் மணியிலேயே தங்கிவிடும். டிபிஏ போன்ற சின்ன மூலக்கூறுக்கு ஒரு சங்கடம், ஒட்டுவதற்கு அதன் ஏதோ ஒரு பக்கத்தைக் கொடுத்தாக வேண்டும். எந்தப் பக்கம் என்று யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

டிபிஏ கரைசலில் பிரமாதம், ஸ்போரில் பூஜ்யம்

எனக்கு வரும் போன்களில் இதுதான் அதிகம். பதிலும் எப்போதும் ஒரே கேள்வியில் தொடங்கும்: ஸ்போரைத் திறந்தீர்களா?

டிபிஏ உள்கருவில் இருக்கிறது. அதைச் சுற்றிக் கார்டெக்ஸ், அதற்கு மேல் பல அடுக்குப் புரதக் கோட். உங்கள் 100 நானோமீட்டர் துகள் உள்ளே போக வழியே கிடையாது. ஸ்போரின் மொத்த நீளமே ஒரு மைக்ரோமீட்டர் சுற்றுதான். வெளியே எடுக்காமல் ஒன்றும் தெரியாது.

பெரும்பாலோர் கொதிக்கவைத்துத் திறப்பார்கள். பேசிலஸ் சப்டிலிஸ் போன்றவற்றுக்கு 100 டிகிரியில் இருபது முப்பது நிமிடம் என்று முறைகளில் எழுதியிருக்கும். அந்த 100 டிகிரி கடல் மட்டத்துக்கு. பெங்களூர் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூட்டுக் கட்டையின் திரையில் 100 என்று ஓடும். மூடி தளர்ந்த குழாய்க்குள் அது வராது. மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஸ்போர் விஷயத்தில் சில டிகிரியும் பெரிய வித்தியாசம். சென்னையில் சரியாக வந்த முறை இங்கே பாதிதான் வருகிறது என்று குழம்பினால் இதைப் பாருங்கள்.

அதனால் ஆட்டோகிளேவ்தான் என் சிபாரிசு: 121 டிகிரி, 15 நிமிடம். அங்கும் உயரம் விடாது. அழுத்தமானி மட்டும் உள்ள செங்குத்து ஆட்டோகிளேவில் 15 பி.எஸ்.ஐ. என்பது வெளிக்காற்றுக்கு மேலே 15. இங்கே வெளிக்காற்றே கடல் மட்டத்தைவிட ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைவு. ஆக, முள் 15-இல் நின்றாலும் உள்ளே 119 டிகிரிதான். பாதுகாப்பு வால்வு அனுமதித்தால் 16.5 வரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள். அதற்கும் முன்னால், உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றினீர்களா? நீராவி தொடர்ந்து சீறும்வரை வென்ட்டைத் திறந்து வைக்காமல் மூடினால், காற்று மாட்டிக்கொண்டு முள் சரியாகக் காட்டும், சூடு ஏறியிருக்காது. ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் சோதனைப் பட்டை ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

குழாய்களை இறுக்கமாக மூடிவைத்துப் பிறகு ஆறவிடுங்கள். ஆவியாகிப் பாதியான குழாயில் செறிவு இரட்டிப்பாகி, உங்களுக்குப் பொய் மகிழ்ச்சி தரும்.

திறந்தும் சிக்னல் இல்லையா? கணக்குப் போடுங்கள். ஒரு ஸ்போரில் சில பத்துக் கோடி டிபிஏ மூலக்கூறுகள் இருக்கும். 36 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் ஸ்போர் இருந்து அத்தனையும் திறந்தால் வருவது சுமார் 60 நானோமோலார். ஆயிரம் ஸ்போர் என்றால் 0.6 நானோமோலார். உங்கள் சென்சாரின் கீழ் வரம்பு அரை மைக்ரோமோலார் என்றால், ஆயிரம் ஸ்போரைக் காட்டவில்லை என்று அதன்மேல் கோபப்படுவது அநியாயம்.

நேர்மாறான அறிகுறியும் உண்டு: திறக்காத ஸ்போரிலேயே சிக்னல். அது பெரும்பாலும் ஸ்போர் தயாரிப்பின்போது உடைந்தவையும் முளைத்தவையும் வெளியே விட்ட டிபிஏ. குளிர்ந்த தண்ணீரில் பல முறை சென்ட்ரிஃபியூஜ் செய்து கழுவுங்கள். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நல்ல ஸ்போர் பளிச்சென்று மின்னும், முளைத்தது கறுத்துத் தெரியும். மாலக்கைட் பச்சைச் சாயமும் அதன்மேல் சாஃப்ரனினும் போட்டால் ஸ்போர் பச்சை, மற்றது சிவப்பு. திறப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து, கழித்து வரும் எண்ணை மட்டும் ஸ்போர் என்று எழுதுங்கள்.

பழகுவதற்குப் பேசிலஸ் சப்டிலிஸ் போதும். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து வாங்கலாம். டிபிஏ எல்லா பேசிலஸ், கிளாஸ்ட்ரிடியம் ஸ்போர்களிலும் உண்டு. ஆகவே இந்தச் சென்சார் எந்த இனம் என்று சொல்லாது. ஆந்த்ராக்ஸைக் கண்டுபிடிக்கும் என்று போஸ்டரில் எழுதிவிடாதீர்கள், கேள்வி கேட்க ஒருவர் கண்டிப்பாக இருப்பார்.

தண்ணீரில் வருகிறது, பாலிலும் சோற்றிலும் வரவில்லை

பால் பாஸ்சரைஸ் செய்தாலும் (72 டிகிரி, 15 விநாடி) பேசிலஸ் சீரியஸ் ஸ்போர் சாகாது. ஆறிய சோற்றிலும் அதே கதை. அதனால்தான் உணவுப் பக்கம் இந்தச் சென்சாருக்குத் தேவை இருக்கிறது. ஆனால் பாலைவிட டெர்பியத்துக்கு விரோதமான ஒரு திரவத்தை யோசித்துக்கூட எடுக்க முடியாது. பாஸ்பேட் இருக்கிறது, சிட்ரேட் இருக்கிறது, கால்சியம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் புரதம், 280 நானோமீட்டர் ஒளியை டிபிஏ-வுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே குடித்துவிடும்.

கடைசிக் காரணத்தைச் சோதிக்க, மாதிரியைச் சரிபாதி நீர்த்துப் பாருங்கள். சிக்னலும் பாதியாக வேண்டும். குறையாமல் நின்றாலோ ஏறினாலோ ஏதோ ஒன்று ஒளியை விழுங்குகிறது அல்லது அணைக்கிறது என்று பொருள். தெரிந்த அளவு டிபிஏ-வை மாதிரியிலேயே சேர்த்து எவ்வளவு திரும்பி வருகிறது என்றும் பாருங்கள். 30 சதவீதம்தான் வருகிறது என்றால் பஃபரில் போட்ட அளவுக்கோட்டை வைத்துக் கணக்குச் சொல்ல முடியாது.

பலர் இங்கே டெர்பியத்தைக் கூட்டுவார்கள், பஃபரை மாற்றுவார்கள், பாலிமரைக் கூட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஸ்போர் நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது: டிபிஏ-வைப் பத்திரமாகப் பூட்டிவைத்திருக்கிறது. பூட்டைத் திறப்பதற்கு முன்னால் வெளியே உள்ள அத்தனை குப்பையையும் கழுவிவிடலாம்; டிபிஏ ஒரு மூலக்கூறுகூடப் போகாது. முதலில் கழுவு, பிறகு திற. பாலை நேரடியாக ஆட்டோகிளேவ் செய்து அதன்பின் டிபிஏ-வைத் தேடுவது, தொலைத்துவிட்டுத் தேடுவது மாதிரி.

நடைமுறையில், பாலைக் குளிர்ந்த நீரில் நீர்த்து சென்ட்ரிஃபியூஜ் செய்து மேலே மிதக்கும் கொழுப்பையும் நடுநீரையும் எறியுங்கள். அடியில் கேசின் நிறையப் படிந்தால் நீர்த்த இ.டி.டி.ஏ. போட்டு ஒரு முறை கரையவிடுங்கள், ஸ்போர் கரையாது. பிறகு இரண்டு மூன்று முறை சுத்தத் தண்ணீரில் கழுவல், இ.டி.டி.ஏ. போகும்வரை. அதன்பின் சிறிதளவு அசிட்டேட் பஃபரில் எடுத்து ஆட்டோகிளேவ், வடிகட்டி, சென்சார்.

சோற்றுக்கு 25 கிராமை 225 மில்லிலிட்டரில் அடிப்பது வழக்கம். நுண்ணுயிரியல் லேபில் அதற்குக் கொடுக்கும் திரவத்தின் பெயரைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். பட்டர்ஃபீல்ட் நீர் என்றால் அது பாஸ்பேட் பஃபர். பஃபர்டு பெப்டோன் நீரிலும் பாஸ்பேட். 0.85 சதவீத உப்புநீர் போதும். பொதுவாகக் கிராமுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பேசிலஸ் சீரியஸ் இருந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். அத்தனையும் ஸ்போர் என்றே வைத்தாலும் பத்து மடங்கு நீர்த்த பிறகு மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம், அதாவது 6 நானோமோலார். 50 மில்லிலிட்டரிலிருந்து ஸ்போரைப் படியவைத்து ஒரு மில்லிலிட்டரில் எடுத்தால் 300. கழுவுவது, செறிவூட்டுவது இரண்டும் ஒரே வேலையில் முடிகிறது பாருங்கள்.

சாம்பார்ப் பொடி, மிளகுத்தூள் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மசாலாவில் ஸ்போர் உண்மையிலேயே அதிகம் இருக்கும், ஆனால் மஞ்சள் தானே ஒளிரும். கழுவலும் நேரத் தாமதமும் இரண்டும் வேண்டும்.

துகள் கட்டிதட்டுகிறது, அல்லது துகளே வரவில்லை

கலவை முழுக்கக் களியாக இறுகிவிட்டால் மோனோமர் செறிவு அதிகம்; வீழ்படிவு முறையில் கரைப்பானில் சில சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். எதுவுமே ஆகவில்லை என்றால் ஆக்சிஜன். நைட்ரஜனை பதினைந்து நிமிடம் ஓடவிட்டு நன்றாக மூடுங்கள். மோனோமர் பாட்டிலில் தடுப்பான் இருக்கும், அலுமினா வழியே விட்டு நீக்குங்கள். ஏ.ஐ.பி.என். பழையதா என்றும் பாருங்கள். செய்த துகள் பின்னால் ஒட்டிக்கொண்டால் உப்பைக் குறைத்து, சோனிகேட்டரில் வையுங்கள். உலர்த்திப் பொடியாக்கிய துகளைத் திரும்பப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது கஷ்டம். நனைந்த நிலையிலேயே சேமியுங்கள்.

எல்லாம் ரொம்ப நன்றாக வருகிறது

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நேர்கோடு அழகாக இருக்கிறது, வரம்பு அபாரம். துகள்களைச் சென்ட்ரிஃபியூஜ் செய்து அடியில் இறக்கிவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் அளந்து பாருங்கள். அது ஒளிர்ந்தால் டெர்பியம் பாலிமரிலிருந்து கழன்று தண்ணீருக்கு வந்து, அங்கே டிபிஏ-வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் குழாயில் வெறும் டெர்பியத்தை வைத்து நீங்கள் பார்த்த அதே வேதியியல்தான் இது. பாலிமர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. என்ஐபி-யும் ஏறக்குறைய அதே கோட்டைத் தரும், அது இன்னொரு துப்பு. டெர்பியத்தை இறுக்கமாகப் பிடிக்கும் மோனோமருக்கு மாறாமல் இதற்கு மருந்து கிடையாது.

எலக்ட்ரோடில் செய்பவர்களுக்கு

மின்முனையில் படலமாக வளர்த்து, ஃபெர்ரி-ஃபெர்ரோ சயனைடு மின்னோட்டம் குறைவதைப் பார்ப்பது வழக்கம். டிபிஏ குழியை அடைத்தால் மின்னோட்டம் குறையும். ஆனால் எது அடைத்தாலும் குறையும். பால் புரதம் மேலே ஒட்டிக்கொண்டாலே போதும். எனவே என்ஐபி மின்முனையை அதே நாள், அதே மாதிரியில், அதே நேரம் முக்கி வையுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது அழுக்கு. மாதிரியில் முக்கி எடுத்து, பஃபரில் கழுவி, புது ஃபெர்ரி-ஃபெர்ரோ கரைசலில் அளந்தால் இதில் ஓரளவு தப்பிக்கலாம். கழுவிய பின்னும் மின்னோட்டம் திரும்பி ஏறவே இல்லை என்றால் அந்த மின்முனையைச் சுரண்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அச்சிட்ட மின்முனை என்றால் எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்ததில் மாதிரியை இன்னொரு முறை கழுவிய பிறகு வையுங்கள்.